ஒரு தாள், ஒரு கோரிக்கை: பெருமாநல்லூரிலிருந்து கோட்டை வரை ஆறு நாள்

பிப்ரவரி 3, 2025, திங்கள். பெருமாநல்லூர், அன்னூர், கோவை

தை மாதப் பனி ஏழு மணியாகியும் விலகவில்லை. பெருமாநல்லூர் தியாகிகள் நினைவிடத்தில் வண்டி நின்றபோது, டீக்கடை பாய்லரின் ஆவி எது, பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகளில் மூன்று பேர் இங்கே துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பைசாக் கணக்கில் ஏறிய கட்டணத்துக்காகப் போன உயிர்கள். டீ 12 ரூபாய். எட்டு டீ குடித்தோம், கடைக்காரர் ஏழுக்குத்தான் காசு எடுத்தார். "மாலை வாங்கியாந்தவருக்கு டீ நம்முளுதுங்க" என்றார்.

வண்டியில் விவசாயிகள் எட்டுப் பேர், மனுத் தாள் நிறைந்த இரண்டு அட்டைப் பெட்டி. 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போடுகிறார்கள். இந்த ஆண்டுக்கானது மார்ச்சில் வரும். அதற்கு முன்னால் கொங்கு நாட்டு எம்.எல்.ஏ., எம்.பி. அலுவலகங்களைச் சுற்றிவிட்டுக் கோட்டைக்குப் போக வேண்டும். பெட்டியில் ஐந்து பொருள்: அத்திக்கடவு நீரேற்றுத் திட்டத்தில் விடுபட்ட குளங்கள், தென்னை, நாய் கடித்துச் சாகும் ஆடுகள், மஞ்சள், கீழ்பவானி வாய்க்கால். ஐந்தாவது பாதி வழியில் இறங்கிக்கொண்டது. அதைப் புதன்கிழமையில் சொல்கிறேன்.

அன்னூரில் காலைச் சாப்பாடு இடியாப்பம் மாதிரியான சந்தகை. எலுமிச்சை ஒன்று, தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஒன்று, இரண்டும் சேர்ந்து 50 ரூபாய். இலையில் மூன்றாம் முறையாக வைக்க வந்த அம்மாவிடம் "போதுமுங்க" என்றதற்கு, "மனு குடுக்கப் போறவிய வயித்தோட போவோணுமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தின் ஆறு நீரேற்று நிலையங்களில் கடைசி இங்கேதான். 2019 பிப்ரவரியில் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17இல் திறப்பு. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். தங்கள் ஊர்க் குளம் பட்டியலில் இல்லை என்ற மனு வாரம் தவறாமல் எல்லா அலுவலகத்துக்கும் போகிறது, போன வேகத்தில் திரும்பியும் வருகிறது. காரணத்தை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். திட்டத்துக்கு ஒதுக்கீடு விநாடிக்கு 250 கன அடி, 70 நாள். பெருக்கினால் ஒன்றரை டிஎம்சி, அதாவது 150 கோடி கன அடி. 1,045ஆல் வகுத்தால் குளத்துக்குச் சராசரி 14 லட்சம் கன அடி. இன்னும் ஆயிரம் குளத்தைச் சேர்த்துத் தண்ணீரைக் கூட்டாமல் விட்டால் எல்லோருக்கும் பாதிதான். எங்கள் தாளைப் படித்த பொறியாளர் முதலில் கேட்டதும் இதைத்தான்: "தண்ணி எங்கிருந்துங்க?"

ஆகவே "எங்கள் குளத்தைச் சேர்க்கவும்" என்று மொட்டையாக எழுதுவதில் பயனில்லை. "உபரி அதிகம் வரும் ஆண்டில் 70 நாளைத் தாண்டியும் நீரேற்றி, அந்தக் கூடுதல் நீரை இந்தக் குளங்களுக்குக் கொடுக்கவும்" என்று கேட்டால் கோப்பு ஒரு மேசையாவது நகரும். குளத்தின் பெயர், ஊராட்சி, சர்வே எண், நீர்ப்பரப்பு, பக்கத்தில் போகும் குழாயிலிருந்து எத்தனை மீட்டர், அந்த இடத்தைவிடக் குளம் மேடா பள்ளமா என்ற விவரமும் வேண்டும். மேடு என்றால் குழாய் பக்கத்திலேயே போனாலும் தண்ணீர் ஏறாது.

மதியம் வையம்பாளையம். உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் ஊர். மணிமண்டபத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. 1972இல் கோவை நகரத்துத் தெருக்களை மாட்டு வண்டிகளால் நிறைத்த போராட்டம் அவர் நடத்தியது. சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் 1984இல் வந்தது, எல்லா விவசாயிகளுக்கும் 1990இல். பெருமாநல்லூரிலிருந்து கணக்குப் போட்டால் இருபது ஆண்டு. ஒரு மனு கொடுத்துவிட்டு அடுத்த வாரமே "ஒண்ணும் நடக்கலீங்க" என்று சலித்துக்கொள்பவர்களை இங்கே ஒரு தடவை கூட்டிவரலாம்.

கோவையில் எம்.பி. அலுவலகம். நாடாளுமன்றம் நடக்கிறது, எம்.பி. டெல்லியில். தெரிந்தேதான் போனோம். பிப்ரவரி 13 வரை முதல் அமர்வு, மறுபடி மார்ச் 10இல் கூடுகிறது. மக்களவையில் கேள்வி கேட்கக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். மார்ச் 10க்குக் கேள்வி போக வேண்டுமானால் பிப்ரவரி 20க்குள் தாள் உதவியாளர் கையில் இருக்க வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் பொன்னாடையோடு போய் நின்றால் போட்டோ கிடைக்கும், கேள்வி கிடைக்காது. அவையில் விதி 377இன் கீழ் ஒரு பிரச்சினையை எழுப்புவதற்கு 250 சொல்லுக்குள் அடங்க வேண்டும். அந்த அளவில் நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு வேலை மிச்சம். அந்த உதவியாளர் பையன் எங்கள் தாளை வாங்கிச் சொற்களை எண்ணியே பார்த்தான். 231.

பிப்ரவரி 4, செவ்வாய். பொள்ளாச்சி, ஆனைமலை

வாய்க்கால் ஓரம் குளிர், பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். சாலையோர இளநீர் 50 ரூபாய். வெட்டிக் கொடுத்தவர் தோப்புக்காரர் இல்லை. தோப்புக்காரருக்கு இதில் எவ்வளவு போகும் என்று கேட்டதற்குச் சிரித்தார், தொகையைச் சொல்லவில்லை.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தை மாதம் என்பதை எட்டுப் பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. காலையிலிருந்து மூன்றாவது கல்யாணத்தில் இருந்தார் அவர். உதவியாளரே மண்டபத்துக்கு வழி சொன்னார். கை கழுவும் இடத்தில் பிடித்தோம், மூன்று நிமிடம் கிடைத்தது. அந்த மூன்று நிமிடத்தில் செல்லுபடியானது தாளின் முதல் பத்திதான். பலரும் மனுவை வரலாற்றில் தொடங்குகிறார்கள்: "எங்கள் பகுதி தொன்றுதொட்டு விவசாயத்தை நம்பி வாழும் பகுதி..." கை ஈரம் காய்வதற்குள் அந்தப் பத்தியே முடியாது. என்ன வேண்டும், எந்தத் துறை, எத்தனை ஏக்கர், எவ்வளவு செலவு என்ற நான்கும் முதல் நான்கு வரியில் இருக்க வேண்டும். தொன்றுதொட்டதெல்லாம் பின்பக்கத்துக்குப் போகட்டும்.

பெண் வீட்டார் எங்களை விடவில்லை. "வந்தவிய பந்தியில உக்காராமப் போனா நல்லாவா இருக்குதுங்க?" யாரென்று தெரியாத எட்டுப் பேருக்கு இலை போட்டார்கள். ஒப்பட்டில் நெய் மிதந்தது. மொய் 501 எழுதினோம். பெயர் கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் "தென்னை விவசாயிகள்" என்றே எழுதச் சொன்னோம்.

தென்னைக் கோரிக்கையை நான்கு தாளாக உடைத்துக் கொண்டுபோயிருந்தோம். உடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலானோர் பார்த்திருக்க மாட்டார்கள். எம்.எல்.ஏ. தன் லெட்டர் பேடில் பரிந்துரை எழுதி மனுவைச் சேர்த்து அனுப்புவார். பெறுகிற அலுவலகத்தில் முதல் கோரிக்கையைப் பார்த்து அது எந்தத் துறையோ அங்கே தள்ளுவார்கள். அந்தத் துறை தனக்குரிய ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதி, மற்றவை "இத்துறை சார்ந்ததல்ல" என்று முடித்துவிடும். நான்கு கோரிக்கையில் மூன்று அங்கேயே அடக்கம்.

கொப்பரைக்கு ஆதரவு விலையை ஒன்றிய அமைச்சரவை முடிவு செய்கிறது. 2025க்கு அரவைக் கொப்பரை குவிண்டால் 11,582 ரூபாய், பந்துக் கொப்பரை 12,100. இப்போது வெளிச்சந்தை இதற்கு மேலே நிற்பதால் ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. விலை விழும் ஆண்டில்தான் கொள்முதல் மையத்தில் வரிசை நிற்கும். அன்றைக்கு ஈரம் 6 சதவீதத்தைத் தாண்டியது, பூஞ்சணமும் கருப்பும் 10 சதவீதத்தைத் தாண்டியது என்று மூட்டை திரும்பும். இரவுப் பனியில் களத்தில் கிடந்த கொப்பரையை மறுநாள் காலையிலேயே கட்டினால் 6 சதவீதத்துக்கு வராது. உலர்கள வசதியை இந்த ஆண்டே கேட்டு வைப்பதுதான் புத்தி. அது மாநிலத் தாள். பாமாயில் இறக்குமதி வரி ஒன்றிய நிதி அமைச்சகம்: கச்சா பாமாயிலுக்கு அடிப்படை வரி 2024 செப்டம்பரில் 20 சதவீதம் ஆனது, அதைக் குறைக்காதே என்பது எங்கள் தாள். ரேஷனில் தேங்காய் எண்ணெய் கேட்பது மாநில உணவுத் துறைக்கு. நான்காவது வாடல் நோய்.

ஆனைமலைப் பக்கம் வாடல் நோய் தாக்கிய தோப்புகளில் குருத்தோலைகள் விலா எலும்பு மாதிரி உள்நோக்கி வளைந்திருக்கின்றன. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் செய்யும் நோய், மருந்து இல்லை. மரத்தை அகற்றுவதும் மறுநடவும்தான் வழி, அதற்கு மரத்துக்கு இவ்வளவு என்று இழப்பீடு கேட்கிறோம். வெள்ளை ஈ வேறு சங்கதி. 2016இல் இந்தப் பக்கம்தான் முதலில் தென்பட்டது. அதற்கு மருந்தடிக்கக் கூடாது, வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணி செத்துப்போகும். ஓலையில் படியும் கரும்பூஞ்சணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்து அடித்தால் காய்ந்து உதிர்ந்துவிடும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்து "தென்னையில் நோய், நடவடிக்கை தேவை" என்று எழுதியதன் பலன், போன வருஷம் ஓர் ஊருக்கு வந்த பதில்: "மஞ்சள் ஒட்டும் பொறி வைக்கவும்." அது வெள்ளை ஈக்குச் சொல்வது, கேட்டது வாடலுக்கு மரம் வெட்ட இழப்பீடு.

பிப்ரவரி 5, புதன். தாராபுரம், காங்கயம், ஈரோடு

தைப்பூசம் 11ஆம் தேதி. தாராபுரம் சாலை முழுக்கப் பழனிக்குப் போகும் பாதயாத்திரைக்காரர்கள். பந்தல் பந்தலாக நீர்மோர், தக்காளிச் சாதம், கால் தடவ எண்ணெய். நடக்காமல் வேனில் போகிற எங்களையும் மறித்து மோர் கொடுத்தார்கள். குற்ற உணர்ச்சியோடு குடித்தோம், மோர் நன்றாகவே இருந்தது.

காங்கயம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். மழை குறைந்த மண்ணில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை வேலி. இந்த வேலியை நம்பித்தான் ஆடுகளை ராத்திரி பட்டியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பது வழக்கம். நரி போன பின்னால் பயமில்லாமல் இருந்த இடம். இப்போது நாய்க்கூட்டம். கிளுவை வேலியில் இடுக்கு ஒன்று போதும். கடித்துத் தின்பது ஒன்றிரண்டைத்தான், மற்றதெல்லாம் விரட்டலிலும் கடியிலும் சாகின்றன.

ஒரு பட்டியில் முந்தின ராத்திரி பதினோரு ஆடு. அங்கே நின்றுகொண்டு தாள் எழுதுவதைப் பற்றிப் பேசவே கூசியது. ஆனால் பட்டிக்காரரே பேச்சை அங்கே கொண்டுவந்தார், ஏனென்றால் போன தடவை ஆறு ஆடு போனபோது கையில் ஒரு சான்றும் இல்லாமல் போயிற்று. அழுகையும் கோபமுமாக விடிந்ததும் புதைத்துவிட்டார்கள். இந்த முறை அவர் செய்ததை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன். எதையும் நகர்த்துமுன் பட்டியும் வேலியும் தெரியும்படி எல்லாச் சடலமும் ஒரே படத்தில். கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் தகவல். மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனைச் சான்று. காதுத் தோடு எண் இருந்தால் அது. கடிபட்டு உயிரோடு இருப்பவற்றுக்கு அன்றைக்கே சிகிச்சைச் சீட்டு. மூன்றாம் நாள் நான்காம் நாள் சாகும் ஆடு கணக்கில் வருவதற்கு அந்தச் சீட்டு ஒன்றுதான் வழி. பிறகு ஆழக் குழி, சுண்ணாம்பு. சாலையோரம் வீசினால் அடுத்த கூட்டத்துக்கு நாமே சோறு போட்ட மாதிரி.

இதுவரை பணம் வராததற்குக் காரணம் யாருடைய கல்நெஞ்சமும் இல்லை, பணம் கொடுக்கக் கணக்குத் தலைப்பு இல்லாததுதான். வெள்ளம், இடி என்றால் பேரிடர் நிவாரண நிதியில் ஆட்டுக்கு 4,000 ரூபாய் உண்டு. காட்டு விலங்கு அடித்தால் வனத்துறை. தெருநாய் இரண்டிலும் வராது. நாயைப் பிடிப்பது உள்ளாட்சி, செத்த ஆட்டைப் பார்ப்பது கால்நடைத் துறை, பணம் கொடுக்க வேண்டியது வருவாய்த் துறை. மூவருக்கும் நகல் போட்டால் மூவரும் மற்ற இருவரைக் காட்டுவார்கள். ஊரக வளர்ச்சித் துறைக்கு மட்டும் எழுதுவது என்று முடிவெடுத்தோம். "நாயைக் கொல்ல அனுமதி வேண்டும்" என்ற வரியை அடித்தோம். 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், அது ஒன்றிய அரசின் விதி. மாநிலத்தால் கொடுக்க முடியாததைக் கேட்டால் கொடுக்கக்கூடியதும் அதோடு நிராகரிப்பில் சேர்ந்துவிடும். அந்த வரியை அடிக்க வண்டியில் இருந்த இரண்டு பேருக்கு மனம் வரவில்லை. இன்னும் வரவில்லை.

(பின்னால் சேர்த்தது: மார்ச்சில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்துவிட்டது. நாய் கடித்துச் செத்தால் மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 6,000, கோழிக்கு 200 ரூபாய். பல ஊர் ஆட்களும் சடலத்தோடு சாலையில் உட்கார்ந்ததற்குக் கிடைத்தது அது, எங்கள் தாளுக்கு மட்டும் கிடைத்ததாகச் சொல்ல மாட்டோம். சந்தை விலைக்கு 6,000 பற்றாது.)

திருத்திய தாளைப் பிரதி எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடை. பென் டிரைவைச் செருகியதும் திரையில் தமிழ் மொத்தமும் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக நின்றது. வானவில் எழுத்துருவில் தட்டியது, அந்தக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. கடைக்காரப் பெண் பொறுமையாக ஒரு பக்கத்தை யூனிகோடில் மறுபடி தட்டிக் கொடுத்தாள். 40 ரூபாய், பிரதி ஒன்றுக்கு 2 ரூபாய் தனி. யூனிகோடில் ஒன்று, பிடிஎஃப் ஒன்று என்று எப்போதும் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். உதவியாளர்கள் வாட்ஸப்பில் கேட்பதும் இதைத்தான். அப்படியே வெட்டி ஒட்டக் கிடைத்தால் உங்கள் வரி அவர்கள் கடிதத்தில் மாறாமல் போகும்.

அரச்சலூர்ப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால். தண்ணீர் ஓடுகிறது, கரையெல்லாம் கடலைக் காடு. 200 கிலோமீட்டர், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர், பாதிப் பாதியாக முறை வைத்துப் பாசனம். ஈரோட்டு எம்.எல்.ஏ.வாக இருந்த தியாகி எம்.ஏ. ஈஸ்வரன் அரசை விடாமல் வற்புறுத்தியதில் கிடைத்தது இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் பவானிசாகர் அணை என்று இங்கே இன்றைக்கும் நன்றியோடு சொல்வார்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர் என்ன செய்ய முடியும் என்று கேட்பவருக்கு இதைவிடப் பெரிய பதில் இந்தச் சீமையில் இல்லை.

அதே வாய்க்காலில்தான் எங்கள் ஐந்தாவது தாள் முங்கியது. 709 கோடி ரூபாய்ச் சீரமைப்புத் திட்டத்தில் கான்கிரீட் போடலாமா கூடாதா? கடைமடைக்காரருக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வந்து சேராது. கரையோரக் கிணற்றுக்காரருக்குக் கூடாது, கசிவு நின்றால் கிணறு வற்றும். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. எங்கள் எட்டுப் பேரிலேயே இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. ஒரே வாய்க்காலிலிருந்து எதிரெதிராக இரண்டு மனு போனால் எம்.எல்.ஏ. இரண்டையும் வாங்கி இரண்டு பேரையும் கும்பிட்டு அனுப்புவார், எந்தப் பக்கமும் பேச மாட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். மைல் வாரியாக எங்கே போடலாம், எங்கே மண் கரையைப் பலப்படுத்தினால் போதும் என்று நமக்குள் உட்கார்ந்து வரைபடம் போட்ட பிறகு வருவோம் என்று அந்தத் தாள்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டோம். வண்டியில் அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.

ஈரோட்டுக்குள் நுழையும் இடத்தில் பறக்கும் படை. ஈரோடு கிழக்குக்கு இன்றைக்கு இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். எங்களில் ஒருவரிடம் கொப்பரை விற்ற 62,000. பில் சட்டைப் பையில் இருந்ததால் ஒரு மணி நேரத்தோடு போயிற்று. பெட்டியைத் திறந்து ஐந்நூறு தாளைப் பார்த்த அதிகாரி, துண்டறிக்கையோ என்று ஒன்றை எடுத்து முழுதாகப் படித்தார். "எங்க ஊர்லயும் நாய் பிரச்சினைதாங்க" என்றார். இந்தப் பயணத்தில் எங்கள் தாளைக் கடைசி வரி வரை படித்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன். ஈரோடு

மஞ்சள். விரலியும் கிழங்கும் தட்டில் மாதிரி வைக்கிறார்கள், வியாபாரிகள் ஒடித்துப் பார்த்து, மோந்து பார்த்து, சீட்டில் விலை எழுதிப் போடுகிறார்கள். ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2019இல் வந்தது. தேசிய மஞ்சள் வாரியத்தைப் போன மாதம் 14ஆம் தேதி தொடங்கினார்கள், தலைமையிடம் நிஜாமாபாத். கடுப்பு இல்லாமல் யாரும் அதைச் சொல்வதில்லை இங்கே. ஆனால் வாரியத்தையே பெயர்த்துக் கொண்டுவா என்று எழுதினால் பதில் வராது. ஈரோட்டில் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அளவும் பூச்சிமருந்து எச்சமும் பார்க்கும் ஆய்வகம் கேட்டிருக்கிறோம். முகவரியில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்: மஞ்சள் வாரியம் ஒன்றிய வணிக அமைச்சகத்தின் கீழே. தென்னை வாரியம் வேளாண் அமைச்சகம். மஞ்சள் மனுவை வேளாண் அமைச்சருக்கு எழுதினால் அது டெல்லியில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நடந்து போவதற்குள் கூட்டத்தொடர் முடியும்.

இரவுச் சாப்பாடு கொள்ளுப் பருப்பும் ராகிக் களியும், 70 ரூபாய். பிறகு ஏற்காடு எக்ஸ்பிரஸ். இரண்டு டிக்கெட் கடைசி வரை உறுதியாகவில்லை, இரண்டு பேர் முன்பதிவில்லாப் பெட்டியில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து வந்தார்கள். அட்டை நசுங்கியது. தாள் பத்திரம்.

பிப்ரவரி 7, வெள்ளி. சென்னை

இருட்டோடு இறங்கியதும் புழுக்கம். ஊர்ப் பனிக்குப் போட்ட ஸ்வெட்டரைப் பிளாட்பாரத்திலேயே கழற்றினோம். காபி 40 ரூபாய். வண்டியில் வந்த பெரியவர் தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார், அடியில் இன்னும் கொஞ்சம் இருக்குமோ என்று.

முதலில் ஓமந்தூரார் தோட்டத்தில் எம்.எல்.ஏ. விடுதி. காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் போனால்தான் ஆளைப் பார்க்கலாம். ஒருவர் லுங்கியோடே வெளியே வந்து, "வாங்க, ஊர்ல மழைங்களா?" என்றார். பிப்ரவரியில் ஊரில் மழை ஏது. ஆனால் தாளை வாங்கி நின்ற இடத்திலேயே, "கேக்கறது என்ன, அத மட்டும் சொல்லுங்க" என்றார். அதுவும் நல்ல பழக்கம்தான்.

கோட்டை. அடையாள அட்டை, பெயர்ப் பதிவு, பை சோதனை. வாடல் நோய் தாக்கிய குருத்தோலையில் ஒரு துண்டைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார் ஒருவர். உள்ளே விடவில்லை. நியாயம்தான். நோயும் பூச்சியும் உள்ள ஓலையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதே தப்பு. இதற்குப் படமே போதும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்த படம் இன்னும் நல்லது.

அமைச்சர் அறையில் கிடைப்பது ஐந்து நிமிடம், சில நாள் அதுவும் இல்லை. அதற்காக ஏங்கி நிற்பதைவிடத் துறைச் செயலாளர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நம் நகலில் முத்திரையும் எண்ணும் தேதியும் வாங்குவது பெரிது. அந்த எண் இருந்தால் முப்பது நாள் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "இந்த எண் மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று ஒரே கேள்வி கேட்கலாம். எண் இல்லாத மனுவைப் பற்றிக் கேட்டால் "அவ்வாறான மனு பெறப்படவில்லை." தொலைந்த மனுக்களில் பாதி இப்படித்தான் தொலைகின்றன.

சட்டமன்றப் பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருப்பது நம் பக்கம் பலருக்குத் தெரியாது. உறுப்பினர்கள் அடங்கிய குழு, மாவட்டங்களுக்கே வந்து ஆய்வு செய்வார்கள். மனு தமிழில், ஐந்து நகல், தேதியோடு கையெழுத்து. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறை. நீண்ட நாளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, பட்டா, வங்கிக் கடன், வேலை, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு எதையும் எடுக்க மாட்டார்கள். எங்களிடம் குளத்துத் தாளுக்கு மூன்று நகல்தான் மிச்சம். மறுபடி ஜெராக்ஸ். சென்னையில் பிரதி 3 ரூபாய்.

காத்திருந்த நேரத்தில் ஓர் அலுவலர் சொன்னதை எழுதி வைத்தேன். ஒவ்வொரு ஆண்டும் தங்களுக்கு நிதி ஒதுக்கச் சட்டமன்றத்தில் வைக்கும் மானியக் கோரிக்கையோடு துறைகள் கொள்கை விளக்கக் குறிப்பு என்று புத்தகம் போடுகின்றன. போன ஆண்டுக் குறிப்பில் உங்கள் பொருள் எந்தப் பக்கத்தில், எந்தத் திட்டத்தின் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் என்றார். புதுத் திட்டம் கேட்டால் நிதித்துறைக்குப் போக வேண்டும். இருக்கிற திட்டத்தில் ஒரு வட்டாரத்தைச் சேர்க்கச் சொன்னால் துறைக்குள்ளேயே முடியலாம். எம்.எல்.ஏ.வும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசும்போது பக்க எண்ணோடு பேசினால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

மதியச் சாப்பாடு 130 ரூபாய், குழம்பு இனித்தது. பரிமாறியவர், "எந்த ஊர்?" என்றார். காங்கயம் என்றதும், "காளைக்கு வந்தீங்களா?" என்றார். ஆட்டுக்கு என்றோம். அவருக்குப் புரியவில்லை. விளக்க எங்களுக்கும் தெம்பில்லை.

பிப்ரவரி 8, சனி. ஈரோடு

பகல் ரயில். ஜோலார்பேட்டை தாண்டியதிலிருந்து பெட்டியில் எல்லோர் கையிலும் போன், ஈரோடு கிழக்கு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. சேலத்தில் ஏறிய பழக்காரர் கொய்யா நான்கு 50 ரூபாய் என்றார், சுற்று நிலவரம் சொன்னதற்கு ஒன்று சேர்த்துக் கொடுத்தார்.

பெட்டியில் மிச்சம் ஒரே ஓர் உறை. எல்லாத் தொகுதிக்கும் ஒன்று வீதம் கிளம்பும்போதே எழுதியது, ஈரோடு கிழக்குக்கு மட்டும் "மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்" என்பதற்கு மேலே பெயருக்கு இடம் விட்டிருந்தோம். ஸ்டேஷனில் இறங்கியபோது வெளியே வெடிச்சத்தம் கேட்டது. பெரியவர் பேனாவை எடுத்தார். "முடிவு அறிவிக்கட்டுமுங்க" என்றார் ஒருவர். பெரியவர் உறையை முழங்காலில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தபடியே பெஞ்சில் உட்கார்ந்தார்.